இழுக்குது என்றார் இசக்கி

நான் வேலை பார்த்த வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் இப்போது இருக்கிற பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்று ஒதுக்காமல் என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வாரமாக அதில் ஒரே அடிதடி. ஜெர்மன் சொகுசு வண்டி உசத்தியா, ஜப்பான்காரனின் வேக வண்டி உசத்தியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று, கடைசியில் "சாமுவேல் அண்ணாச்சி, நீங்க ரெண்டையும் கழத்தி மாட்டினவுக, நீங்க எழுதுங்க, நாங்க ஒத்துக்கிடுதோம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வெளியே வந்தால் பாஸ்டரே கேட்பார். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் வாங்கப் போவதில்லை என்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த முறை உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் இசக்கி என்ற டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சிரிப்பால் அவருடைய வேலையும் லைசென்சும் போக இருந்தன. அவை போகாமல் காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் அல்ல. அதனால் இதை ஒரு நன்றிக் கடிதமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், பிறகு ஜீப், லாரி, அம்பாசிடர் என்று கிரீசில் கழிந்த பல வருடங்கள். அவற்றைப் பற்றி விசேஷமாக ஒன்றும் இல்லை. சென்னையில் ஜெர்மன் வண்டிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வண்டியின் கதவைச் சாத்தினாலே வெளி உலகம் வெளியே நின்றுவிடும். நாங்குநேரி தாண்டி நாற்கர சாலையில் நூற்றிருபதில் போவீர்கள், உள்ளே இருப்பவருக்கு அறுபது போலத் தெரியும். பள்ளம் மேடு எதையும் சொல்லாது. தன் சீக்கையும் சொல்லாது. ஒருநாள் முன்பலகையில் ஒரு விளக்கு எரியும், அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை மாட்டித்தான் பேச வேண்டும். ஒரு பல்பு மாற்றுவதற்கு முன்பக்க பம்பரைக் கழற்றியிருக்கிறேன். நட்டு போல்ட்டெல்லாம் நட்சத்திர வடிவம். வழக்கமான ஸ்பேனரை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றால் அசிங்கப்பட்டுப் போவோம்.

ஜப்பான் வேக வண்டி வேறு சாதி. பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று மூன்று ஸ்பேனர் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். பானெட்டுக்குள் கை நுழையும். கதவு தகரம் மாதிரிச் சாத்தும், சீட்டு இடுப்பைப் பிடிக்கும், சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் ஸ்டியரிங் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். மிதித்தவுடன் ஒரு நொடி யோசிக்கும். அப்புறம் டர்போ விழித்துக்கொள்ளும் பாருங்கள், முதுகில் கைவைத்துத் தள்ளின மாதிரி இருக்கும். எனக்கு அதன்மேல் காதல் என்றே சொல்ல வேண்டும். அந்தக் காதல்தான் என் கண்ணை மறைத்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு மேனேஜராக நூர்ஜஹான் மேடம் வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது, அவருக்கு முப்பது இருந்தால் அதிகம். மேலப்பாளையத்துப் பெண், ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் படித்தவர். வாயில் இங்கிலீஷும் கையில் பேனாவுமாக எங்களை மிரட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதுவே எனக்குக் கடுப்பாக இருந்தது. முதல் ஒரு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ நாள் தவறாமல் "சாப்ட்டீங்களா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டுத்தான் தன் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

அவர் வந்ததும் ஜாப் கார்டை மாற்றினார். ஜாப் கார்டு என்றால் வண்டி உள்ளே வரும்போது எழுதுகிற குறைச்சீட்டு. நாங்கள் அதுவரை இங்கிலீஷில் இரண்டு வார்த்தை கிறுக்குவோம். மேடம் நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் வண்டிக்காரர் சொன்னது, அவர் வாயில் வந்தபடியே, தமிழில். வலது பக்கம் நாங்கள் பார்த்துக் கண்டது. எழுதினதை வண்டிக்காரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "ஏசி போட்டா காதுக்குள்ள வண்டு போன மாதிரி இருக்கு" என்று ஒரு வாத்தியாரம்மா சொன்னதை அப்படியே எழுத வைத்தார். கழற்றிப் பார்த்தால் காற்றாடிக்குள் வேப்பிலைக் காம்பு சிக்கியிருந்தது. அதற்கப்புறமும் நான், "குறைச்சீட்டு எழுதச் சொன்னா கதை எழுதச் சொல்லுதாங்கடே" என்று மற்றவர்களிடம் கேலி பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இனி இசக்கி. உடன்குடியில் சண்முகவேல் என்று ஒரு கருப்பட்டி வியாபாரி, நாங்கள் முதலாளி என்றுதான் சொல்வோம். அவர் வீட்டில் இரண்டு வண்டி. அவருக்கு ஜெர்மன் வண்டி. சென்னையில் இருக்கும் மகன் செந்தில் ஆசைப்பட்டு வாங்கி ஊரில் நிறுத்தியிருந்தது ஜப்பான் வேக வண்டி. இரண்டையும் ஓட்டுகிறவர் இசக்கி. இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டு டிரைவர். வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. ஆழ்வார்திருநகரிப் பக்கம் வீடு.

முதலாளியிடம் ஒரு பழக்கம் உண்டு. உடன்குடிப் பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேடு. காலில் ஒட்டுகிற மணல் விலை உயர்ந்த கார்ப்பெட்டில் ஏறிவிட்டால் லேசில் போகாது. அதனால் பனையோலையில் அளவு சொல்லி முடையச் சொல்லி, ஒவ்வொருவர் கால் வைக்கும் இடத்திலும் ஒரு தடுக்கு போட்டிருப்பார். ஜெர்மன் வண்டிக்குள் ஓலைத் தடுக்கா என்று நாங்கள் சிரிப்போம். வண்டி சர்வீசுக்கு வந்தால் வாட்டர் வாஷ் பகுதியில் முதல் வேலையாகத் தடுக்குகளை எடுத்து டிக்கியில் போட்டுவிடுவார்கள். வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போதுதான் விரித்துக் கொடுப்பார்கள்.

ஒருநாள் இசக்கி அந்த ஜப்பான் வண்டியைக் கொண்டுவந்தார்.

"என்னவே இசக்கி, என்ன செய்யுது?" என்றேன்.

"வண்டி இழுக்குது அண்ணாச்சி."

"எந்தப் பக்கம்?"

"பக்கமெல்லாம் இல்ல, நேராத்தான். என்னமோ சும்மா இழுக்குது. எப்பமாவதுதான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "ஏவே, அது இழுக்கத்தான செய்யும்! அதுக்குத்தான சின்ன முதலாளி வாங்கிப் போட்டிருக்காரு. பெரிய வண்டியில மெத்தையில உக்காந்து ஓட்டிப் பழகிட்டீரு, அதான்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இசக்கியும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். "அப்பிடித்தான் போலிருக்கு" என்றார்.

எங்கள் தொழிலில் இழுக்குது என்ற ஒரு சொல்லுக்கு ஏகப்பட்ட அர்த்தம். நல்லா இழுக்குது என்றால் பாராட்டு. இடது பக்கம் இழுக்குது என்றால் சக்கரக் கோளாறு. காலையில் இழுக்குது என்றால் சாவி போட்டும் எஞ்சின் பிடிக்க நேரமாகிறது. எந்த இழுவை என்று கேட்பதுதான் என் வேலை. நான் பக்கம் மட்டும் கேட்டேன். எப்போது என்று கேட்கவில்லை.

மேடம் சொன்ன முறைப்படி இடது பக்கத்தில் "வண்டி இழுக்குது. நேராக. எப்பமாவது" என்று எழுதினேன். பைபாஸில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஓட்டிப் பார்த்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அனுபவித்தேன். வந்து வலது பக்கத்தில் எழுதினேன்: "பிக்கப் அருமை. குறை ஒன்றும் இல்லை." குறைச்சீட்டில் அருமை என்று எழுதின ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எழுதினதை வாசித்துக் காட்டவும் இல்லை.

மூன்று வாரம் போயிற்று. ஜெர்மன் வண்டி எங்களிடம் வேலைக்கு வந்து, சென்னையிலிருந்து வர வேண்டிய ஒரு சாமானுக்காகக் காத்து நின்றது. அதனால் முதலாளி கண் ஆஸ்பத்திரிக்கு மகனுடைய வண்டியில் கிளம்பினார். ஆழ்வார்திருநகரி தாண்டி ஸ்ரீவைகுண்டம் வருகிற சாலையில் முன்னால் ஒரு பஸ். இசக்கி நன்றாக மிதித்து பஸ்ஸை முந்தினார். முந்தின வண்டி அடங்கவில்லை. பிரேக்கை மிதித்தார், பிறகும் மிதித்தார். எதிரே வளைவில் பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கை ஒடித்து வாழைத் தோட்டத்துக்குள் விட்டார். நாற்பது ஐம்பது வாழையைச் சாய்த்துக்கொண்டு போய் வண்டி நின்றது. முதலாளிக்குக் காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. இசக்கிக்கு நெற்றியில் தையல். ரோட்டில் நின்றவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

போலீஸ் கேட்டபோது இசக்கி, "பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டேன் போலிருக்கு" என்று சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து வந்த செந்தில் கொதித்துப் போனார். தகப்பனாரைக் கொல்லப் பார்த்த ஆள் இனி எந்த வண்டியையும் தொடக் கூடாது, லைசென்சே ரத்தாக வேண்டும் என்று நின்றார். வேலையை விட்டு அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

பத்து நாள் கழித்து, போலீஸ் விட்டதும் வண்டியைக் கயிறு கட்டி எங்களிடம் கொண்டுவந்தார்கள். நான்தான் பார்த்தேன். பிரேக் நன்றாக இருந்தது. ஆக்ஸிலேட்டர் பெடல் மிதித்தால் போய் விட்டால் துள்ளி வந்தது. "கால் மாறியிருக்கு மேடம், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல்தான் சொன்னேன்.

மேடம் அலமாரியைத் திறந்து விபத்துக்கு மூன்று வாரம் முந்தின ஜாப் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி, இது உங்க கையெழுத்துல்லா. இந்த இடது பக்கத்த வாசிங்க."

வாசித்தேன்.

"இழுக்குதுன்னா? எப்ப இழுக்குதுன்னாரு? கால் பெடல்ல இருக்கும்போதா, எடுத்த பொறவா?"

"கேக்கல மேடம்."

"நேரா இழுக்குது, எப்பமாவதுன்னு சொல்லியிருக்காரு. சும்மா சொல்லுவாரா? நீங்க ஓட்டினப்ப இல்லாதது அவரு ஓட்டினப்ப என்ன இருந்துச்சு?"

அவர் எழுந்து வண்டியிடம் போனார், நானும் பின்னால் போனேன். டிக்கியைத் திறந்தார். சேறு அப்பிய நான்கு தடுக்கு கிடந்தன. வாழைத் தோட்டத்தில் முதலாளியைக் கிடத்தியவர்கள் காலடித் தடுக்குகளை உருவி அவருக்கு விசிறியிருக்கிறார்கள். பிறகு யாரோ மறக்காமல் டிக்கிக்குள் போட்டிருக்கிறார்கள். டிரைவர் காலடித் தடுக்கின் மேல் ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு மடங்கி, ஓலை நைந்திருந்தது.

"இதப் போட்டு மிதிங்க அண்ணாச்சி" என்றார்.

எஞ்சினை ஓட்டாமலே உட்கார்ந்தேன். தடுக்கை விரித்தேன். பாதி மிதித்து விட்டேன், பெடல் திரும்பி வந்தது. தரை தட்ட மிதித்துக் காலை எடுத்தேன். பெடல் வரவில்லை. அதன் கீழ் முனை தடுக்கின் ஓரத்துக்குள் புகுந்து, நைந்த அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. காலை எடுத்த பிறகும் வண்டி முழு வேகத்தில் இழுக்கும். நான் பைபாஸில் ஓட்டினபோது இந்தத் தடுக்கு டிக்கியில் கிடந்தது. அப்படி எஞ்சின் முழுக்கத் திறந்திருக்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் பிரேக் கட்டை மாதிரி இறுகிவிடும், வண்டி நிற்காது. இசக்கியின் கால் பிரேக்கில்தான் இருந்திருக்கிறது.

மேடம் அதே தடுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜெர்மன் வண்டிக்குப் போனார். அதில் எத்தனை தடவை மிதித்தும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் இதுதான்: அந்த ஜெர்மன் வண்டியில் ஆக்ஸிலேட்டர் தரையிலிருந்து முளைத்து நிற்கும், தடுக்கு அதன் அடியில் முட்டி நின்றுவிடும். இந்த ஜப்பான் வண்டியில் பெடல் மேலிருந்து தொங்கும், ஆழ மிதித்தால் கனமான எதிலும் போய் மாட்டும். இரண்டும் சரியான அமைப்புதான். கம்பெனிக்காரன் தந்த விரிப்பை மட்டும் போட்டு ஓட்டியிருந்தால் இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளா, எது உசத்தி என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வித்தியாசங்களிலேயே முக்கியமான வித்தியாசம் இந்த ஒன்றுதான். பதினைந்து வருடம் இரண்டையும் கழற்றி மாட்டிய என் கண்ணில் அது அதுவரை பட்டதே இல்லை.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது இரண்டு பெண் பிள்ளைகள் காலேஜில். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இசக்கி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்த முகம் ஒரு பக்கம்.

"மேடம், என்ன செய்யட்டும்?"

"ரிப்போர்ட்ட நான் எழுதிருதேன். வாசிச்சுக் காட்டாம விட்டது ஒர்க்‌ஷாப்பு தப்பு, மேனேஜர் நான், என் பேரையும் போட்டுத்தான் எழுதுவேன். ஆனா அவரு உங்ககிட்டதான சொன்னாரு அண்ணாச்சி. அவருகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பேரையும் என்று சொன்னாரே, அதில்தான் உடைந்துபோனேன். பதினாறு வயது இளையவர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

முதலில் பாளையங்கோட்டையில் முதலாளி படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். தடுக்கையும் கொண்டுபோனோம். மேடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். செந்தில் என் சட்டையைப் பிடிக்காத குறை. "ஒரு வார்த்த கேட்டிருந்தா எங்கப்பாவுக்கு இது வந்திருக்குமா?" என்றார். வந்திருக்காது என்றேன். கட்டிலில் இருந்த முதலாளி கையை லேசாக உயர்த்தினார்.

"ஏலே, பைய பேசு. தடுக்கு போட்டது நான்லா. சிரிச்சவர மட்டும் ஏசினா எப்பிடி?" என்றவர், தடுக்கைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பய மிதிச்சேன்னு சொன்னதும் நானும்லா நம்பிட்டேன்" என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேடத்தின் ரிப்போர்ட் போலீசுக்கும் போனது. இசக்கியின் லைசென்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி தேறி எழுந்ததும் அவரையே ஓட்டச் சொன்னார். என்னையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மேலிடத்தில் மேடம் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் எழுதின ஒவ்வொரு ஜாப் கார்டையும் வண்டிக்காரர் முன்னால் நின்று உரக்க வாசித்தேன். வாசிக்கும்போதே இடைமறித்து, "அப்படி இல்ல அண்ணாச்சி, வேற மாதிரி" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில்தான் பாதி வேலை முடியும். இதற்கெல்லாம் நூர்ஜஹான் மேடத்துக்கு நான் பட்டிருக்கிற கடன் சொல்லி மாளாது.

ஆனால் எனக்கு மறக்காதது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இசக்கி வீட்டுக்குப் போன அந்தச் சாயங்காலம்தான். பஸ்ஸில் தனியாகப் போனேன். ஆழ்வார்திருநகரியில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். இசக்கி வீட்டு வாசலில் வாழை இலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு இலை அறுக்கப் போகிறாராம். நெற்றியில் தையல் பிரித்த தடம் இருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். அவர் மனைவி செல்லக்கனி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவருகில் நின்றார்.

"முதலாளி எப்பிடி இருக்காவ?" என்றுதான் இசக்கி முதலில் கேட்டார்.

நல்லா இருக்கார் என்றேன். அப்புறம் கையில் இருந்த காப்பியைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். தடுக்கைச் சொன்னேன், பெடல் மாட்டினதைச் சொன்னேன். "நீரு வந்து சரியாத்தான் சொன்னீரு. நான் காது கொடுத்துக் கேக்கல. சிரிச்சிட்டேன். என்ன மன்னிச்சிரும் வே" என்றேன்.

"நீங்க சிரிச்சதும் நானுந்தான சிரிச்சேன்" என்றார் இசக்கி. அதை அவர் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனம் வேறு எங்கேயோ நின்றது.

"அப்ப வண்டி போனது… என் காலு இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல வே. உம்ம காலு பிரேக்கிலதான் இருந்துச்சு."

"நெசமாவா?"

"நான் மிதிச்சுப் பாத்துட்டுத்தான் வாரேன். மேடமும் பாத்தாங்க."

அவர் வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக பஸ்ஸில் போனால்கூட டிரைவர் தெரியாத பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். அந்தக் கால் எதையாவது செய்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம். இதைச் செல்லக்கனிதான் கதவருகில் இருந்து சொன்னார். இசக்கி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நான் மிதிக்கலையாம்."